ஒரே பஸ்ஸில் வந்த வயிற்றெரிச்சல்

உங்களில் பலர் இப்போதுதான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமிருக்காது என்பது இதற்குள் தெரிந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் வயிற்றெரிச்சல் என்று வருகிறவருக்கு நாம் கொடுக்கிற நேரம்தான் மிகக் குறைவு. "காரத்தைக் குறைங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லி, அமிலம் குறைக்கும் மாத்திரையை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். போதாமல் போன ஒரு கோடைகாலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற பிறகு பெருமையாக நினைத்துக்கொள்ள எனக்குச் சில விஷயங்கள் உண்டு. அவற்றில் இதுதான் முதலாவது. இதில் நான் கத்தியைத் தொடவில்லை. அரிய மருந்து எதையும் கொடுக்கவில்லை. கேள்விகள் கேட்டேன், அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் ஒரு கிராமத்தில் எங்கள் சுகாதார நிலையம் இருந்தது. மதியம் வரும் பஸ் எங்கள் வாசலுக்கு எதிரேதான் நிற்கும். டவுனுக்கு வெளியே இருந்த ஒரு விசைத்தறிக் கூடத்தில் காலை ஷிப்ட் முடித்த பெண்கள் அதில் வந்து இறங்குவார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு மூன்று பேர் என்னிடம் வருவார்கள். எல்லோருக்கும் நெஞ்சுக்குழியில் எரிச்சல். மாத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் அதே பஸ்ஸில் வேறு இரண்டு பேர்.

அவர்களில் சிலர் போகிற நேரத்தில், கதவருகே நின்று, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார்கள். "ஒண்ணுக்குப் போனாலும் எரியுது டாக்டரம்மா." சிறுநீரில் கிருமித்தொற்று. கோடையில் இது புதிதல்ல. ஆனால் மேலே ஓர் எரிச்சல், கீழே ஓர் எரிச்சல், இரண்டும் ஒரே ஆளிடம், அதுவும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்களிடம் என்றால் அது வெயிலின் வேலை மட்டுமல்ல என்று எனக்குப் பட்டது. தறிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். "வேலைதான் நடக்குது" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு பாண்டிச்செல்வி வந்தாள். முப்பது வயதைத் தாண்டாத பெண். கணவரும் மாமியாரும் இருபுறமும் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அன்று அவர்கள் வீட்டில் சாமி கும்பிடு. விருந்தாட்கள் வந்திருந்தார்கள். சமைத்துக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள்.

"வெறும் மயக்கம்தான். ஒரு குளுகோஸ் பாட்டில் போட்டு விடுங்க, சாயங்காலம் படையல் இருக்கு" என்றார் மாமியார்.

நான் பாண்டிச்செல்வியிடம், மலம் எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டேன். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

"கருப்பா" என்றாள்.

மாமியார் முந்திக்கொண்டார். "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறால்ல, அதான். கருப்பாப் போகும், பயப்படாதீகன்னு இங்கதான சொல்லி விட்டாங்க."

அவர் சொன்னது உண்மை. எங்கள் செவிலியர்தான் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் கருப்பாகத்தான் போகும். ஆனால் கருப்பு என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடக் கூடாது.

"எப்படிக் கருப்பு? கெட்டியாவா, இளகியா?"

"ரோட்டுக்குப் போடுற தாரு மாதிரி ஒட்டுது டாக்டரம்மா. நாத்தம் தாங்க முடியல. தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குது."

படுக்கவைத்து நாடி பார்த்தேன். உட்காரவைத்து மறுபடியும் பார்த்தேன். உட்கார்ந்ததும் நாடி ஓட்டமெடுத்தது. "கண்ணு இருட்டுது" என்று என் தோளிலேயே சாய்ந்தாள். வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். என் கையில் அதை உறுதிசெய்யும் கருவி எதுவும் இல்லை. அவள் வாந்தி எடுக்கவில்லை. வலி என்றுகூடச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றி உப்புநீர் ஓடவிட்டோம்.

கணவர் கெஞ்சினார். "நாளைக்கு விடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு வீடு நெறையச் சொந்தக்காரங்க இருக்காங்க. அவ இல்லைன்னா என்ன நெனைப்பாங்க?"

"நாளைக்கு வரைக்கும் இவளுக்கு நேரமில்லைய்யா. நான் நெனைச்சது தப்பாப் போனா நாளைக்கு இதே வாசல்ல வந்து என்னைய ஏசுங்க. வாங்கிக்கிறேன். இப்ப வண்டியில ஏறுங்க."

அவர் ஏறினார். செவிலியரையும் உடன் அனுப்பினேன். பாலவநத்தம் தாண்டும்போது பாண்டிச்செல்வி ரத்த வாந்தி எடுத்ததாகச் செவிலியர் போனில் சொன்னார். விருதுநகர் ஆஸ்பத்திரியில் ரத்தம் தயாராக வைக்கச் சொல்லி முன்பே பேசியிருந்ததால் போனவுடன் ஏற்றினார்கள். எண்டோஸ்கோப்பி குழாய் வழியாகவே ரத்தம் கசிந்த இடத்தை அடைத்தார்கள். இரைப்பையில் ஆழமான புண். பிழைத்துக்கொண்டாள். உறுதியான சான்று கைக்கு வரட்டும் என்று நான் காத்திருந்தால், அந்தச் சான்று அவள் வீட்டு அடுப்படியில் வந்திருக்கும்.

பாண்டிச்செல்வியைப் பார்க்க வார்டுக்குப் போனேன். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். என்ன மாத்திரை சாப்பிடுவாய் என்று கேட்டேன்.

"தறி செட்டுலயே குடுப்பாக. தலைவலிக்கு ஒண்ணு போட்டா வேலை ஓடும். டீயோட போட்டுக்கிருவோம்."

"சாப்பிட்டுட்டா?"

"ஷிப்ட்டு முடியிற வரைக்கும் எதுவும் சாப்பிட மாட்டோம். தண்ணியும் குடிக்க மாட்டோம்."

"அந்த வெக்கையில தண்ணி குடிக்காம நின்னா தலைவலி வராம என்ன செய்யும்? ஏன் குடிக்கிறதில்ல?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "குடிச்சா எங்க போறது டாக்டரம்மா? முன்னாடி பின்பக்கம் சீமைக்கருவேலங் காடா கெடந்துச்சு. துணைக்கு ஒருத்தியக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருவோம். இப்ப அதை ஜேசிபி வச்சு அழிச்சு பிளாட்டுப் போட்டுட்டாக. வெட்டவெளியாக் கெடக்கு. அதுலருந்து வாயக் கட்டிட்டோம்."

எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் சேர்ந்து புரிந்தது. போக இடம் இல்லாததால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாததால் தலைவலியும் சிறுநீர் எரிச்சலும். தலைவலிக்கு மாத்திரை. அந்த வலி மாத்திரை வெறும் வயிற்றில் விழுந்துகொண்டே இருந்தது. இப்படிப்பட்ட மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் படலத்தை அரித்துவிடும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அரிப்பதற்கான காரணம் அழிந்துபோன ஒரு கருவேலங்காட்டில் இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தறிக்கூட முதலாளியைப் பார்க்கப் போனேன். அவரைக் கொடுமைக்காரராக நினைத்துவிடாதீர்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பாண்டிச்செல்விக்காக மிகவும் வருத்தப்பட்டார். மேசைக்கு அடியிலிருந்து பெரிய டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினார். நிறைய வலி மாத்திரைகள்.

"தலைவலி, இடுப்புவலின்னு யாரு வந்தாலும் நான் ஒருநாளும் இல்லைன்னு சொன்னதில்ல டாக்டரம்மா. என் பிள்ளைகளுக்குக் குடுக்கிற மாதிரிதான் குடுக்கிறேன்" என்றார். மனதாரச் சொன்னார்.

அப்படிப்பட்டவரிடம் சட்டம் பேசினால் கதவைச் சாத்திக்கொள்வார். நான் சட்டம் பேசவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். பெரிய பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். தறிகளின் சத்தத்துக்கு நடுவே அவரோடு பேசிக்கொண்டே முழுவதையும் குடித்தேன். இன்னொரு பாட்டில் கேட்டேன். அதையும் குடித்துவிட்டு, "அண்ணாச்சி, பாத்ரூம் எங்க இருக்கு?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "இங்க... சரியா வராதுங்கம்மா. வீட்டுக்குப் போவோம், வாங்க. காரை எடுக்கச் சொல்றேன்."

"இவுகளையும் கார்ல கூட்டிட்டுப் போவீங்களா?" என்று தறிகளின் பக்கம் கையைக் காட்டினேன்.

பக்கத்தில் இருந்த பெண்களின் காதில் அது விழுந்துவிட்டது. ஒருத்தி தறியை நிறுத்தினாள். அடுத்தவளும் நிறுத்தினாள். முதலாளி டப்பாவை மூடினார். நான் கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. அந்தப் பெண்கள் தினமும் படுவது அதுதான்.

மறுநாள் காலை அவர்கள் யாரும் தறியை ஓட்டவில்லை. வாசலில் நின்றிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர், "டாக்டரம்மா ஒருநாள் வந்து கேட்டாக. நாங்க தெனமும் இங்கதான இருக்கோம், நாங்க கேக்கக் கூடாதா?" என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார். கோஷம் எதுவும் இல்லை. மதியத்துக்குள் கொத்தனார் வந்து, கட்ட வேண்டிய இடத்தை நூல் பிடித்து அளந்துவிட்டார். கழிப்பறைகள் வந்தன. இடையில் உட்கார்ந்து சாப்பிட நேரம் வந்தது. தண்ணீர்க் கேனும் வந்தது. மாத்திரை டப்பாவை முதலாளியே எனக்குக் கொடுத்தனுப்பினார். சில வாரங்களில் மதிய பஸ் எங்கள் வாசலில் நின்றாலும், பெண்கள் கையை ஆட்டிவிட்டு நேரே வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். வேலைக் காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அந்தக் கையாட்டலுக்கு ஈடானது எதுவும் இல்லை.

ஒருவர் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். அன்று வாசலில் நின்று கேள்வி கேட்ட அந்த மூத்தவர்தான். பெயர் நாகலட்சுமி. வீட்டில் தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பம். வீடு அருப்புக்கோட்டையில். அவருக்கு டவுனிலேயே ஆஸ்பத்திரி இருந்தது. அதை விட்டுவிட்டு, வீட்டுக்கு எதிர்த் திசையில் பஸ் ஏறி என்னிடம் வந்தார். தெருக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அப்படி வருகிறார் என்று எனக்குப் புரியச் சிறிது காலம் ஆனது.

தறிக்கூடத்துப் பெண் என்றால் வலி மாத்திரைப் புண் என்று எங்கள் நிலையத்தில் எல்லோரும் சொல்லப் பழகியிருந்தார்கள். ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வருகிற எல்லோர் மீதும் அதையே போர்த்திவிடத் தோன்றும். நாகலட்சுமிக்கு அது பொருந்தவில்லை. "எனக்குத் தலைவலியே வராது. அந்த டப்பாவ நான் தொட்டதில்ல" என்றார். மருந்து கொடுத்தும் எரிச்சல் அடங்கவில்லை. அரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்றார். எடை குறைந்ததா என்று கேட்டதற்கு இல்லை என்றார். ஆனால் அவர் ரவிக்கையின் கைகளில் பிடித்துத் தைத்த புதுத்தையல் தெரிந்தது. பக்கவாட்டிலும் பிடித்திருந்தார்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் பல வருடங்களாக இருந்தது. சாப்பாடு பெரும்பாலும் கருவாடும் உப்பு ஊறுகாயும் சோறும். பெரிய குடும்பம் ஒரே அறையில் வளர்ந்த வீடு. அப்படி நெருக்கடியான வீடுகளில் சிறு வயதிலேயே வயிற்றில் குடியேறிவிடும் ஹெச். பைலோரி என்ற கிருமியை உங்களுக்குத் தெரியும். அவருடைய அம்மா 'வயித்துக்கட்டி'யில் இறந்தார் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். இதில் எதன் மீது நான் பழி போடுவேன்? இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தனி மனிதரிடம் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. "புகையிலை போட்டீங்கள்ல" என்று நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவர் அடுத்த முறை வரமாட்டார்.

மதுரைக்குப் போய் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும் என்றேன். எதற்குப் பார்க்கச் சொல்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

"அந்தப் பேரைச் சொல்லாதீக" என்றார் உடனே. "எம் பொண்ணுக்குப் பேசி முடிச்சிருக்கு. அந்தப் பேரு என் வீட்டு வாசப்படிய மிதிச்சுட்டா, தொத்திக்கிரும், வம்சத்துக்கே வரும்னு சொல்லி நிறுத்திருவாக. கல்யாணம் முடியட்டும், வாரேன்."

கல்யாணத்துக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. புற்றுநோயாக இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. அதட்டினால் மதிய பஸ்ஸில் வருவதையும் நிறுத்திவிடுவார். அவருடைய பயம் முட்டாள்தனமானது என்று நான் நினைக்கவில்லை. அவருடைய தெருவை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அந்தப் பயத்துக்கு உள்ளேயே வழி தேடினேன்.

"கல்யாணத்துக்குச் சேலை எடுக்க மதுரைக்குப் போவீங்கள்ல? அன்னைக்கே பார்த்துருவோம். நானும் லீவு போட்டுட்டு வாரேன்" என்றேன்.

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "நல்லாருக்கு! நெசவுக்காரி சேலை எடுக்க மதுரைக்குப் போனா ஊரே சிரிக்கும். பாத்திரம் எடுக்கப் போறேன்னு சொல்லிக்கிறேன்."

அப்படியே போனோம். என்னோடு படித்த மருத்துவர் ஒருவர் குழாய் விட்டுப் பார்த்தார். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரு புண். அதன் விளிம்பு தடித்துப் புடைத்திருந்தது. சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். திரும்பும்போது நாகலட்சுமி நிஜமாகவே ஓர் அண்டா வாங்கினார். பஸ்ஸில் ஊர் வரும்வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் மற்ற இடங்களுக்குப் பரவவில்லை. இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டால் நன்றாக வாழ வாய்ப்பிருக்கிறது என்றார்கள். இதை அவரிடம் நானே சொன்னேன். நேரம் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பெயரையும் சொல்லித்தான் சொன்னேன்.

"ஆபரேசன்னா ரொம்ப நாள் படுக்கணும். அதுக்கு எத்தனை அண்டா வாங்குறது?" என்றார். பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சம்பந்தி வீட்டுக்குப் போறேன். அடுத்தவங்க போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன். நீங்களும் வாங்க டாக்டரம்மா. தொத்தாதுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க. மத்தத நான் பார்த்துக்கிறேன்."

என் வேலைக் காலத்தில் தைரியம் என்று நான் பார்த்தது அதைத்தான். தறிக்கூட வாசலில் முதலாளியிடம் பேசியதைவிட இது பல மடங்கு பெரிது. மகளின் வாழ்க்கையையே பந்தயமாக வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணி டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு தெரு நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். நாகலட்சுமி காபியைத் தொடாமல் தெலுங்கில் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. நோயின் பெயரை மட்டும் தெளிவாகச் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். "இது தொட்டாலோ கூட உட்கார்ந்து சாப்பிட்டாலோ ஒட்டிக்கிற நோயில்லம்மா. அம்மாவுக்கு வந்ததால பொண்ணுக்கும் வந்தே தீரும்னு இல்ல. வயித்துல ஏதாவதுன்னா சும்மா இருக்காம பார்த்துக்கணும், அவ்வளவுதான்" என்றேன். தெரிந்ததைவிட ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை.

அந்த அம்மா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முடிந்தது என்று நினைத்தேன். நாகலட்சுமியும் அப்படித்தான் நினைத்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

வந்து நாகலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மா, எனக்கும் புரியட்டும் என்று தமிழில் பேசினார். "எனக்கும் நாளாவே வயிறு எரியுது சம்பந்தி. ராத்திரி எந்திரிச்சு உட்கார்ந்துக்கிருவேன். மாப்பிள்ளையோட அம்மாவுக்கு நோவுன்னு தெரிஞ்சா உங்க வீட்ல பொண்ணு தர மாட்டீகளோன்னு வாயவே திறக்கல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாகலட்சுமி அழுதார். மதுரையிலும் அழவில்லை, முடிவு தெரிந்தபோதும் அழவில்லை, அங்கேதான் அழுதார்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இருந்தது சாதாரணப் புண். அதில் நான் முன்பு சொன்ன ஹெச். பைலோரி கிருமி இருந்தது. கிருமிக்கொல்லி மருந்துகளை விடாமல் சாப்பிட்டுக் குணமானார். நாகலட்சுமிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களில் சம்பந்தி அம்மாவும் ஒருவர். புகையிலையை நாகலட்சுமி அதோடு விட்டுவிட்டார். இன்றும் பரிசோதனைக்குத் தவறாமல் போய் வருகிறார்.

இளம் மருத்துவர்களே, வயிற்றுக்கு மருந்து எழுதும்முன் அந்த வயிறு எங்கே வேலை செய்கிறது, எப்போது சாப்பிடுகிறது, யாருக்குப் பயப்படுகிறது என்று கேளுங்கள். பாண்டிச்செல்வியிடம் கூச்சம் நோயை மறைத்தது. நாகலட்சுமியிடம் மகள் மீதுள்ள பாசம் மறைத்தது. இரண்டையும் கடந்து அவர்கள் பேசினார்கள். கேட்பதற்கு ஓர் ஆளாக நான் இருந்தேன் என்பதுதான் என் பெருமை.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். தறிக்கூடத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பந்தியில் நாகலட்சுமி இலையின் முன் உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவர் சோற்றை அள்ளிக் கொட்டப் போனபோது, பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அம்மா அவர் கையைத் தடுத்தார். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"சம்பந்திக்குக் கொஞ்சமா வையுங்க. கேன்சருக்கு வயித்துல ஆபரேசன் பண்ணியிருக்காக. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேப்பாக, அப்ப மறக்காம வந்து வையுங்க."